முழங்கால் நோவென்றால் இடுப்பையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

ஐயா,

தங்கள் பத்திரிகையின் சுகாதாரப் பக்கத்தில் முழங்கால் நோ பற்றிய கேள்வி பதில்கள் அடிக்கடி வருகின்றன. எண்ணெய், பட்டி, உடற்பயிற்சி, எடைக் குறைப்பு, மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சை என்று எல்லாம் எழுதப்படுகின்றன. அவற்றில் பிழை பிடிக்க நாம் வரவில்லை. ஆனால் நோகிற இடத்தில்தான் நோயும் இருக்கும் என்று வைத்துக்கொண்டே அந்தப் பதில்கள் எல்லாம் எழுதப்படுகின்றன. முழங்கால் நோகும், முழங்காலில் ஒரு பழுதும் இராது, பழுது இடுப்பு மூட்டில் இருக்கும். இப்படியும் நோயாளர் வருகிறார்கள். தொகையில் அவர்கள் குறைவு. தாமதத்தால் அவர்கள் இழப்பது மிக அதிகம், அதிலும் பிள்ளைகள். கடிதம் கொஞ்சம் நீளம். இரண்டு நாளாகப் பிரித்துப் போட்டாலும் சம்மதம்.

முதலில் இடுப்பு மூட்டு எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறோம். சேலையோ சாரமோ கட்டும் இடத்தில் கையை வைத்து "இடுப்பு நல்லாத்தான் இருக்கு" என்று பதில் சொல்பவர்களே அதிகம். அங்கே மூட்டு இல்லை. பக்கவாட்டில், காற்சட்டைப் பைக்கு நேரே கையில் தட்டுப்படும் எலும்பு மேடும் மூட்டு அல்ல; அது தொடை எலும்பின் வெளிமுனை. மூட்டு இருப்பது முன்பக்கம், அடிவயிறும் தொடையும் மடியும் கோட்டுக்கு நேர் உள்ளே, தசைகளுக்கு அடியில் ஆழமாக. விரலால் அழுத்தி அதைத் தொட முடியாது. அங்கே வீக்கம் வந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. முழங்காலோ தோலுக்கு அடியிலேயே இருக்கிறது. வீங்கினால் தெரியும், தடவலாம், பட்டி போடலாம். அதனால்தான் எல்லோருடைய கையும் முதலில் முழங்காலுக்குப் போகிறது.

இடுப்பு பழுதானால் முழங்கால் ஏன் நோக வேண்டும்? நாரியில் 2ஆம், 3ஆம், 4ஆம் முள்ளெலும்புகளின் மட்டத்தில் புறப்படும் நரம்பு இழைகள் சேர்ந்து இரண்டு பெரிய நரம்புகளாகின்றன. பெமொரல் நரம்பு தொடையின் முன்பக்கமாகவும் ஒப்டுரேட்டர் நரம்பு உட்பக்கமாகவும் இறங்குகின்றன. இந்த இரண்டும் இடுப்பு மூட்டுக்கும் கிளை கொடுக்கின்றன, முழங்காலுக்கும் கிளை கொடுக்கின்றன. இரண்டு மூட்டிலிருந்தும் செய்தி ஒரே வழியாக முள்ளந்தண்டுக்குப் போய்ச் சேர்வதால் மூளை இடத்தை மாற்றி எடுத்துக்கொள்கிறது. மாரடைப்பில் இடக்கை உளைவதும் இதே வகைதான். நோயாளி நடிக்கவில்லை, மிகைப்படுத்தவுமில்லை. அவருக்கு முழங்கால் உண்மையாகவே நோகிறது. சிலருக்குக் கவட்டிலோ தொடையிலோ ஒரு உணர்வும் இல்லாமல் முழங்கால் மட்டும் நோகும். அப்படிப்பட்டவர்களில்தான் நோய் பிடிபடாமல் மாதக்கணக்கில் போகிறது.

பிள்ளைகளின் விடயத்தை விரிவாகவே எழுத வேண்டும். தை, மாசி வந்தால் எங்கள் பாடசாலைகளில் இல்ல மெய்வல்லுநர் போட்டிகள். அந்த நாட்களில் நொண்டும் பிள்ளை எல்லாம் "ஓடி விழுந்திருப்பான்", "சுளுக்கியிருக்கும்" என்ற கணக்கில் போய்விடுகிறது. பெரும்பாலும் அது சரிதான். ஆனால் 10 வயதுக்கும் 16 வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளை, அதிலும் எடை கூடிய ஆண்பிள்ளை, 2 கிழமைக்கு மேலாக முழங்கால் அல்லது தொடை நோகிறது என்று சொல்லிக்கொண்டு நொண்டினால், வேறொன்று நிரூபிக்கப்படும் வரை அது தொடையென்புத் தலை வழுகல் என்றே எண்ண வேண்டும். பெண்பிள்ளைகளுக்கும் வரும்; அவர்களுக்குச் சற்று இளைய வயதிலேயே வரும். மெலிந்த பிள்ளைக்கு வராது என்றும் இல்லை.

நடப்பது இதுதான். தொடை எலும்பின் மேல் முனையில் உருண்டையான தலை இருக்கிறது. தலைக்கும் அதன் கழுத்துக்கும் நடுவே வளர்ச்சித் தட்டு என்ற குருத்தெலும்புப் படை உண்டு. உயரம் வேகமாகக் கூடும் வயதில் இந்தப் படை பலவீனமாக இருக்கும். உடம்பின் பாரம் அதன்மேல் சரிவாக இறங்கும்போது தலை இடுப்பெலும்பிலுள்ள கிண்ணம் போன்ற குழிக்குள் நின்ற இடத்திலேயே நிற்க, கழுத்து முன்னோக்கியும் மேல்நோக்கியும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்கிறது. கால் வெளிப்பக்கம் திரும்புகிறது. பிள்ளை நடக்கும்போது ஒரு பாதம் மட்டும் வெளியே பார்த்தபடி இருப்பதை வகுப்பாசிரியர் கண்டுபிடிக்கலாம், தாய் கண்டுபிடிக்கலாம். மல்லாக்கப் படுக்க வைத்து முழங்காலை மடித்து நெஞ்சை நோக்கிக் கொண்டுவந்தால் தொடை நேரே வராது, தானாகவே வெளிப்பக்கம் விலகிப் போகும். இந்த அடையாளம் இருந்தால் மேற்கொண்டு கையால் சோதிக்க ஒன்றுமில்லை. எக்ஸ்றேக்குப் போக வேண்டும்.

இந்த நிலையில் பிள்ளை நடக்கிறது, பள்ளிக்கூடம் போகிறது, சைக்கிளும் ஓடுகிறது. அங்கேதான் ஏமாற்றம். ஒரு நாள் படியில் கால் தவறியோ சைக்கிளிலிருந்து விழுந்தோ மிச்சப் பிடிமானமும் விட்டுப்போகும். அதன் பிறகு ஊன்றுதடியோடும் நிற்க முடியாது. தலைக்கு இரத்தம் கொண்டுபோகும் மெல்லிய குழாய்கள் கழுத்தை ஒட்டியே ஏறுகின்றன. அவை நசிந்தால் தலை உயிரிழந்து போகலாம். 13 வயதுப் பிள்ளைக்கு 60 வயதுக்காரரின் இடுப்பு கிடைக்கும். நடக்கக்கூடிய கட்டத்திலேயே பிடித்துவிட்டால் சிகிச்சை பெரிதல்ல: எக்ஸ்றே திரையில் பார்த்துக்கொண்டு, சிறு வெட்டு வழியாக, கழுத்திலிருந்து தலைக்குள் ஒரு திருகாணியைச் செலுத்தி மேற்கொண்டு வழுகாமல் நிறுத்துவது. இரண்டு நிலைமைக்கும் இடையில் இருப்பது பல வேளைகளில் சில கிழமைத் தாமதம் மட்டுமே.

ஆகவே சந்தேகம் வந்த அன்றே நடப்பதை நிறுத்த வேண்டும். ஓட்டோவில் கொண்டுபோங்கள், ஆஸ்பத்திரிக்குள் சக்கர நாற்காலி கேளுங்கள். எண்ணெய் போட்டு உருவுவதும் காலை இழுத்துச் சுளுக்கெடுப்பதும் இந்தப் பிள்ளைக்குச் செய்யக்கூடாத வேலைகள். முழங்கால் எக்ஸ்றே சுத்தமாக இருக்கும். அதைப் பார்த்து "ஒன்றுமில்லை" என்று திரும்பி வருவதுதான் வழக்கமாக நடக்கும் பிழை. எடுக்க வேண்டியது இரண்டு இடுப்பும் ஒன்றாகத் தெரியும் படம், அதோடு பக்கவாட்டுப் படமும். முன்பக்கப் படத்தை மட்டும் பார்த்தால் ஆரம்ப வழுகல் தப்பிவிடலாம். முன்பக்கப் படத்தில் கழுத்தின் மேல் விளிம்பை ஒட்டி ஒரு கோடு இழுத்தால் அது தலையின் ஒரு பகுதியை வெட்டிக்கொண்டு போக வேண்டும். வெட்டாமல் தலைக்கு மேலால் போனால் வழுகல். மற்றப் பக்கத்தோடு ஒப்பிடுவது நல்லதுதான், ஆனால் மற்றப் பக்கமும் வழுகியிருக்கலாம் என்பதை மறக்கக்கூடாது. ஒரு பக்கம் சத்திரசிகிச்சை முடிந்த பிள்ளைக்கு வளர்ச்சித் தட்டு மூடும் வரை மற்ற இடுப்பையும் கிளினிக்கில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பக்க முழங்கால் நொந்தால் அடுத்த கிளினிக் திகதிக்குக் காத்திருக்கக்கூடாது. 10 வயதுக்குக் குறைந்த, அல்லது வயதுக்கேற்ற உயரமில்லாத பிள்ளைக்கு இது வந்தால் தைரொயிட் சுரப்பியையும் சோதிப்பது முறை.

இதைவிடச் சின்னப் பிள்ளைகளில், ஏறத்தாழ 4 முதல் 8 வயதுக்குள், பேர்த்தெஸ் நோய் வரும். ஆண்பிள்ளைகளில் நாலைந்து மடங்கு கூட. தொடையென்புத் தலைக்குப் போகும் இரத்தம் சில காலம் தடைப்பட்டு, எலும்பு மென்மையாகி, மறுபடி கட்டப்படும் நோய் இது. முழுச் சுற்றும் முடிய 2 முதல் 4 வருடம் செல்லும். இதில் நோவைவிட நொண்டல் கூட. ஓடி விளையாடிவிட்டுப் பின்னேரம் நொண்டும், காலையில் எழும்பும்போது சரியாக இருக்கும், பிறகு மறுபடியும் நொண்டும். கேட்டால் முழங்காலைத்தான் காட்டும். தொடையைப் பக்கவாட்டில் அகட்டுவதும் உட்பக்கம் திருப்புவதும் குறைந்திருக்கும். வயது குறைந்த பிள்ளைக்கு விளைவு நல்லது. தலை மென்மையாக இருக்கும் காலத்தில் அது கிண்ணத்துக்குள் வடிவாக அடங்கி நிற்கச் செய்வதே சிகிச்சையின் நோக்கம்.

வளர்கிற பிள்ளைக்கு இரவில் கால் உளைவது வேறு. அது இரண்டு காலிலும் வரும், தடவிவிட்டால் தணியும், காலையில் பிள்ளை துள்ளிக்கொண்டு ஓடும். ஒரு காலில் மட்டும் நோ, பகலிலும் நோ, நொண்டல் என்றால் அதை வளர்ச்சி நோ என்று ஒதுக்க வேண்டாம். காய்ச்சலோடு காலை ஊன்ற மறுக்கும் பிள்ளையை விடியும் வரைகூட வைத்திருக்கக்கூடாது. இடுப்பு மூட்டில் சீழ் பிடித்தால் குருத்தெலும்பு அழியத் தொடங்க நாட்கணக்கு வேண்டியதில்லை. கைக்குழந்தை என்றால் நப்கின் மாற்றும்போது ஒரு காலை மட்டும் அசைக்காமல் வைத்துக்கொண்டு வீரிட்டு அழும். அதுவும் இதே அவசரம். தடிமன் வந்து மாறிய கையோடு சில பிள்ளைகளுக்கு இடுப்பு மூட்டில் நீர் கோர்த்து நொண்டுவதும் உண்டு. அது ஒன்றிரண்டு கிழமையில் தானே மாறும். ஆனால் எது எது என்பதை இரத்தப் பரிசோதனையும் அல்ட்ராசவுண்ட் ஸ்கானும் சொல்ல வேண்டும், அயல்வீட்டார் சொல்லக்கூடாது. கிழமைக்கணக்கில் மெல்லிய காய்ச்சல், எடை குறைதல், இரவில் நோவால் விழித்தல் என்று சேர்ந்து வந்தால் எலும்புக் காசநோயையும் தேட வேண்டும். அது இந்நாட்டிலிருந்து இன்னும் போய்விடவில்லை.

இனி முதியவர்கள். கிணற்றடியிலோ குளியலறையிலோ வழுக்கி முழங்கால் அடிபட விழுகிறார்கள். முழங்காலில் கண்டல் தெரிகிறது. எக்ஸ்றேயில் முறிவில்லை, பழைய தேய்மானம் மட்டும். நோக நோக நாலடி நடக்கவும் செய்கிறார்கள். "நடக்கிறா தானே, முறிஞ்சிருந்தா நடப்பாவோ" என்ற நியாயம்தான் இங்கே ஆபத்து. தொடை எலும்பின் கழுத்து முறிந்து, முறிந்த முனைகள் ஒன்றுக்குள் ஒன்று இறுகி நின்றால் சிலரால் நடக்க முடியும். கால் கட்டையாகாது, வெளியே திரும்பாது. நோ முழங்காலுக்கு இறங்கும். அடையாளம்: படுத்தபடி முழங்காலை நீட்டி வைத்து முழுக் காலையும் தூக்கச் சொன்னால் தூக்க முடியாது அல்லது கவட்டில் சுரீரென்று நோகும். காலைப் படுக்கையில் வைத்தபடியே உருளைபோல் உள்ளும் புறமும் மெல்ல உருட்டினாலும் நோகும். அப்படிப்பட்டவரை நடக்க விட்டால் சில நாளில் முனைகள் விலகிவிடும். விலகாத முறிவை ஆணிகளால் பொருத்திவிடலாம். விலகிய பின் முதியவர்களில் பெரும்பாலும் தலையையே எடுத்துச் செயற்கைத் தலை வைக்க வேண்டிவரும். முதல் நாள் இடுப்பு எக்ஸ்றேயிலும் முறிவு தெரியாமல் போகும் ஆட்கள் உண்டு. நோ தொடர்ந்தால் சீ.டி. அல்லது எம்.ஆர்.ஐ. ஸ்கான் தேவை, வசதியில்லாத இடத்தில் காலூன்றாமல் வைத்திருந்து சில நாளில் மறுபடி படமெடுக்க வேண்டும்.

இங்கே முறிவு நெரிவுப் பரியாரிமாரைப் பற்றியும் ஒரு வார்த்தை. மணிக்கட்டு, கணுக்கால் நெரிவுகளில் அவர்களுடைய கைப்பழக்கத்தைப் பல தலைமுறையாக நம்பி வந்த ஊர் இது. அந்த நம்பிக்கையைக் கேலி செய்யும் எண்ணம் எமக்கில்லை. ஆனால் தொடையெலும்பின் கழுத்து மூட்டு உறைக்குள் இருக்கிறது. வெளியே வைத்துக் கட்டும் எந்தப் பத்தும் எந்த மட்டையும் அதை அசையாமல் பிடிக்காது. இரத்த ஓட்டம் ஏற்கெனவே குறைந்த இடம் என்பதால் தானாகப் பொருந்துவதும் அரிது. படுக்கையிலேயே போட்டு வைத்தால் நிமோனியாவும் படுக்கைப் புண்ணும் காலில் இரத்தக் கட்டியும் முந்திக்கொள்ளும். விழுந்த முதியவரைத் தொடாமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடும் பரியாரியாருக்கு நாம் நன்றி சொல்கிறோம்.

நடுவயதைத் தாண்டியவர்களில் கதை மெதுவாக நடக்கும். இடுப்பு மூட்டுத் தேய்வில் முதலில் போவது உட்பக்கத் திருப்பம். அது போனதை யாரும் அப்படிச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. கோயிலில் சப்பாணி கட்டி இருக்க முடியாமல் தூணடியில் காலை நீட்டி இருப்பார்கள். காலை வளைத்து நகம் வெட்ட முடியாது, மேசு (காலுறை) போட முடியாது, செருப்பு வாரை மாட்டக் குனிய முடியாது. சைக்கிள் பாருக்கு மேலால் காலைத் தூக்கிப் போட முடியாமல் சாய்த்து வைத்து ஏறுவார்கள். ஓட்டோவிலிருந்து இறங்கும்போது முதல் காலை வெளியே வைப்பதே பாடு. குந்தும் மலசலகூடத்தில் இருந்து எழும்பச் சுவரைப் பிடிப்பார்கள். இவை எல்லாவற்றையும் "வயசு போச்சு" என்று விட்டுவிட்டு, ஆஸ்பத்திரியில் வாய் திறந்து சொல்வது "முழங்கால் நோ" ஒன்றை மட்டும்.

முழங்காலே பழுதானவருக்கும் இவருக்கும் வித்தியாசம் உண்டு. முழங்கால் பழுதானால் பெரும்பாலும் வீங்கும், மடித்து நீட்டும்போது நெரியும், மூட்டுக் கோட்டில் ஒரு விரலை வைத்து "இந்த இடம்" என்று காட்டுவார்கள், படி இறங்கும்போது கூடும். இடுப்பிலிருந்து வரும் நோவுக்கு ஒரு விரல் போதாது. உள்ளங்கையால் தொடையின் முன்பக்கத்திலிருந்து முழங்கால் வரை தடவிக் காட்டுவார்கள். முழங்கால் வீங்கியிராது, தாராளமாக மடியும். நோ பெரும்பாலும் முழங்காலோடு நிற்கும். தொடையின் பின்பக்கமாக இறங்கிக் கெண்டைக்காலும் தாண்டிப் பாதத்துக்குப் போகும் விறைப்பும் மின்னலும் நாரி நரம்பின் வேலை. மூன்றும் ஒருவருக்கே இருக்கலாம் என்பதும் உண்மை. அதை அவிழ்ப்பதற்குத்தான் வைத்தியர்.

வீட்டில் செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. விழுந்தவருக்கும், மேலே சொன்ன 10 முதல் 16 வயதுப் பிள்ளைக்கும், இடுப்பில் ஏற்கெனவே சத்திரசிகிச்சை செய்தவருக்கும் இதைச் செய்ய வேண்டாம். மற்றவர்கள் கட்டிலிலோ பாயிலோ மல்லாக்கப் படுக்கட்டும். நோகும் காலைத் தூக்கி, இடுப்பும் முழங்காலும் செங்கோணமாக மடியும்படி இன்னொருவர் பிடிக்க வேண்டும். ஒரு கை முழங்காலில், மற்றக் கை கணுக்காலில். தொடையை அதே இடத்தில் வைத்துக்கொண்டு பாதத்தை மட்டும் மெல்ல வெளிப்பக்கம் கொண்டுபோங்கள். பாதம் வெளியே போகும்போது இடுப்பு மூட்டு உட்பக்கம் திரும்புகிறது. சாதாரணமாக 30 முதல் 40 பாகை வரை போகும். 15 பாகைக்கு முன்பே இறுகி நின்றாலோ, மற்றக் காலைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தாலோ, அந்த அசைவில் வழக்கமான முழங்கால் நோ அப்படியே எழும்பினாலோ இடுப்பைச் சோதிக்க வேண்டும். இந்த அசைவில் முழங்கால் மடிந்த அளவு மாறுவதேயில்லை, திரும்புவது இடுப்புத்தான் என்பதைக் கவனியுங்கள். சோதனையில் ஒன்றும் தெரியாவிட்டால் இடுப்பு நல்லது என்று உறுதி கொள்ளவும் கூடாது.

30 முதல் 50 வயதுக்குள் ஒருவருக்கு, அதிலும் ஆண்களுக்கு, தேய்மானத்துக்குரிய வயது வருமுன் இந்த நோ வந்தால் இரண்டு கேள்வி கட்டாயம் கேட்க வேண்டும்: குடி எவ்வளவு, ஸ்டீரொயிட் மருந்து எவ்வளவு காலம். இரண்டும் தொடையென்புத் தலைக்கு இரத்த ஓட்டத்தைக் கெடுத்து எலும்பைச் சாகடிக்கும். சிறுநீரக நோய், லூப்பஸ் போன்றவற்றுக்குப் பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட் குளிசையைக் கூடிய அளவில் எடுத்தவர்கள் கவட்டு நோவையோ முழங்கால் நோவையோ அசட்டை செய்யக்கூடாது. அதற்காகக் குளிசையைத் தாமாக நிறுத்திவிடவும் கூடாது. திடீரென நிறுத்துவது உயிராபத்து. ஆரம்பத்தில் எக்ஸ்றே சுத்தமாகவே இருக்கும். எம்.ஆர்.ஐ. மட்டுமே காட்டும். தலை உருண்டையாக இருக்கும் வரை துளையிட்டு அழுத்தம் குறைக்கும் சத்திரசிகிச்சைக்கு இடமுண்டு, தட்டையாகிய பின் மூட்டு மாற்றுவதுதான் மிச்சம். ஒரு பக்கம் வந்தவருக்கு மற்றப் பக்கமும் வருவது சாதாரணம் என்பதால் இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் படமெடுக்க வேண்டும். பெயர் எழுதாத பையில் கட்டித் தரும் "நோக் குளிசை"களில் என்ன கலந்திருக்கிறது என்பது வாங்குபவருக்குத் தெரியாது. ஒரு கிழமையில் அதிசயமாக நோவை எடுத்துப் பசியையும் முகத்தையும் ஊத வைக்கும் குளிசை என்றால் அதில் ஸ்டீரொயிட் இருக்கிறதா என்று சந்தேகிப்பது நியாயம்.

முழங்கால் எக்ஸ்றேயும் மனிதரை ஏமாற்றும். 50 வயது கடந்தவர்களின் முழங்காலைப் படமெடுத்தால் பலருக்குத் தேய்மானம் தெரியும். அவர்களில் ஒரு பங்கினருக்கு அதனால் ஒரு நோவும் இராது. படத்தில் தேய்மானம் இருக்கிறது, நோவும் இருக்கிறது, ஆகவே அதுதான் இது என்று முடிச்சுப் போட்டுவிட்டால், பிறகு முழங்காலுக்குள் ஊசி, அதன் பிறகு முழங்கால் மாற்று. புதிய முழங்கால் வைத்த பின்னும் பழைய நோ அப்படியே இருந்தால் பார்க்க வேண்டிய முதல் இடம் இடுப்பு. இரண்டு மூட்டும் பழுதானவருக்குப் பொதுவாக இடுப்பை முதலில் மாற்றுவதற்கும் இதுவே காரணம்: இறங்கி வந்த நோ போனபின் முழங்காலின் சொந்த நோ எவ்வளவு என்று தெரியவரும், சிலருக்கு முழங்கால் சத்திரசிகிச்சையே தேவைப்படாமல் போகும். இறுகிய இடுப்போடு புதிய முழங்காலுக்குப் பயிற்சி கொடுப்பதும் கடினம். சந்தேகம் தீராதபோது அல்ட்ராசவுண்ட் பார்த்துக்கொண்டு இடுப்பு மூட்டுக்குள் விறைப்பு மருந்து ஏற்றுவார்கள். சில நிமிடத்தில் முழங்கால் நோ மறைந்து, மருந்தின் வேகம் போனதும் திரும்பி வந்தால் வழக்கு முடிந்தது.

ஆஸ்பத்திரியில் எப்படிச் சொல்ல வேண்டும்? வெளிநோயாளர் பிரிவில் ஒரு வைத்தியருக்கு முன்னால் நிற்கும் வரிசையை எல்லோரும் அறிவார்கள். "முழங்கால் நோ" என்றால் முழங்கால் எக்ஸ்றே எழுதப்படும்; அது வைத்தியரின் பிழை மட்டுமல்ல. "முழங்கால் நோகுது, கவட்டுக்கையும் உளையுது, மேசு போடேலாது, நொண்டுறன்" என்று ஒரே மூச்சில் சொல்லுங்கள். இறுக்கமான ஜீன்ஸ் போட்டுக்கொண்டு போக வேண்டாம், படுக்கையில் காலைத் திருப்பிப் பார்க்க வசதியான உடுப்புப் போதும். பழைய படங்களையும் எடுக்கும் மருந்துகளையும் கொண்டுபோங்கள். கதிரையில் இருந்தபடியே பார்த்து அனுப்பினால், "இடுப்பையும் ஒருக்காப் பார்ப்பீங்களோ டொக்டர்" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. தெல்லிப்பழை, பருத்தித்துறை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலைகளில் முதலில் காட்டலாம். என்பு நிபுணரின் கிளினிக்குக்குக் கடிதம் தரும்போது அதில் இடுப்பு என்ற சொல்லும் இருக்கிறதா என்று பாருங்கள். தீவகத்தில் இருப்பவர்களுக்கு ஒரு தடவை வந்துபோவதே ஒரு நாள் வேலை. இரண்டாம் தடவை படமெடுக்க அலைய விடாமல் முதல் நாளே இடுப்பையும் சேர்த்து எடுப்பது அவர்களுக்குச் செய்யும் பெரிய உதவி.

டைக்குளோபெனாக் போன்ற நோ குறைக்கும் குளிசைகளைப் பற்றிச் சுருக்கமாக: கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவது இரைப்பைக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு. நீரிழிவும் பிரஷரும் உள்ளவர்களுக்கு இன்னும் கேடு. நோ மறைவதால் நோயும் மறைந்தே கிடக்கும்.

இடுப்பில் மூட்டு நோய் இல்லாமலே தசை பலவீனத்தால் முழங்கால் நோவதும் உண்டு. அது முன் சொன்னதிலிருந்து வேறுபட்டது. பிட்டத்தின் வெளிப்பக்கத் தசை ஒற்றைக் காலில் நிற்கும்போது இடுப்பெலும்பைச் சமமாகப் பிடிக்கிறது. அது சோர்ந்தால் தொடை உள்ளே சாய்ந்து, முழங்காலும் உள்ளே விழுந்து, முழங்காற்சில்லு ஓட வேண்டிய பாதையிலிருந்து விலகும். வலைப்பந்து ஆடும் பெண்பிள்ளைகளிலும் நாள் முழுதும் நின்று வேலை செய்வோரிலும் இதைக் காணலாம். கண்ணாடிக்கு முன் அரை நிமிடம் ஒற்றைக் காலில் நின்றால் மற்றப் பக்க இடுப்பு கீழே இறங்குகிறதா என்று தெரியும். இதற்கு முழங்கால் பட்டி உதவாது. பக்கவாட்டில் படுத்து, கீழ்க் காலை மடித்து, மேல் காலை நேராக ஒரு சாண் உயரம் தூக்கி 5 வரை எண்ணி இறக்குவது ஒரு பயிற்சி. கால் முன்னுக்கு வந்துவிட்டால் வேறு தசை வேலையைப் பறித்துக்கொள்ளும். குதிக்கால் உடம்பின் கோட்டுக்குச் சற்றுப் பின்னால் இருக்க வேண்டும். மல்லாக்கப் படுத்து இரண்டு முழங்காலையும் மடித்துப் பிட்டத்தைத் தூக்குவது மற்றது. 10 தடவைப்படி 3 சுற்று, ஒரு நாள் விட்டு ஒரு நாள். 6 முதல் 12 கிழமை செல்லாமல் பலன் தெரியாது. பத்து நாளில் கைவிடுபவர்கள்தான் "எக்ஸர்சைஸ் சரிவராது" என்கிறார்கள்.

கைத்தடியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனெனில் ஊரில் பாதிப்பேர் அதைப் பிழையான கையில் பிடிக்கிறார்கள். தடி நோகும் காலுக்கு எதிர்க் கையில் இருக்க வேண்டும். ஒற்றைக் காலில் நிற்கும்போது பிட்டத் தசை உடம்பின் பாரத்தை மிகக் குறுகிய நெம்புகோலால் இழுத்துப் பிடிப்பதால், நடக்கும்போது இடுப்பு மூட்டில் விழுவது உடம்பெடையின் இரண்டரை முதல் மூன்று மடங்கு. எதிர்க் கையில் தடி ஊன்றினால் அது நீளமான நெம்புகோல். சிறிது ஊன்றினாலே மூட்டின் சுமை நன்றாகக் குறையும். வழக்கமான செருப்பைப் போட்டு நேரே நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு வரும் உயரம்தான் தடியின் உயரம். தடியும் நோகும் காலும் ஒன்றாக முன்னே போக வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது தடியும் நோகும் காலும் முதலில். தடியின் அடியில் இறப்பர் தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். சீமெந்து நிலத்தில் அதுவே விழுத்தும். வீட்டில் தாழ்வான கதிரையைத் தவிர்த்து, இருக்கும்போது இடுப்பு முழங்காலைவிடச் சற்று உயரமாக இருக்கும்படி பாருங்கள். குந்தும் மலசலகூடத்தை உடைக்க வசதியில்லாதவர்கள் அதன் மேல் வைக்கும் துளைக் கதிரையை வாங்கலாம்.

பாடசாலை மருத்துவப் பரிசோதனைக்கு வரும் சுகாதார உத்தியோகத்தர்கள் தரம் 7, தரம் 10 பிள்ளைகளின் எடையையும் உயரத்தையும் எப்படியும் அளக்கிறார்கள். எடை கூடிய பிள்ளையை வகுப்பறையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வெறுங்காலோடு நடக்கச் சொல்லிப் பாதம் திரும்பும் திசையைப் பார்க்க அரை நிமிடம் போதும். விளையாட்டுப் பொறுப்பாசிரியர்கள், இரண்டு கிழமை கடந்தும் நொண்டும் பிள்ளையை வைத்தியரின் துண்டு இல்லாமல் மைதானத்தில் இறக்க வேண்டாம். தங்கள் சுகாதாரப் பக்கத்துக்கு முழங்கால் நோவென்று எழுதும் வாசகரிடம் வயது என்ன, நொண்டுகிறாரா, மேசு போட முடிகிறதா என்று முதலில் கேட்டெழுதுங்கள். அந்த மூன்றுக்கும் பதில் வரும் வரை எண்ணெயின் பெயரைப் பிரசுரிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
என்பு மூட்டு நோயாளரைப் பராமரிக்கும் சிலர்,
யாழ்ப்பாணம்.